இதயத்தை நிறுத்தினால் உசிரு எங்கே இருக்கும்?

பெருநாடி இதயத்தை விட்டு வெளியே வரும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, மூன்று சின்னப் புடைப்புகள் இருக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் இருக்கின்றன. இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் அந்தோனியோ மரியா வல்சால்வாவின் (1666–1723) பெயரால் வல்சால்வா சைனஸ் என்கிறார்கள். இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் இரண்டு முடியுரு நாடிகளும் இந்தப் புடைப்புகளில் இரண்டிலிருந்துதான் புறப்படுகின்றன. மிகச் சிலருக்குப் பிறவியிலேயே அங்கே ஒரு பலவீனம் இருக்கும். பெருநாடிச் சுவரின் நடுப்படலம் வால்வின் வளையத்தோடு சேர வேண்டிய இடத்தில் ஒழுங்காகச் சேராமல் விட்டிருக்கும். அந்த மெல்லிய இடம் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் வாங்கி வாங்கி, இருபது முப்பது வருடம் போக, வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இதுதான் வல்சால்வா சைனஸ் அனியூரிசம். அது ஒருநாள் வெடிக்கவும் செய்யும்.

வெடித்தது என்று கேட்டவுடன் நெஞ்சுக்குள் இரத்தம் கொட்டி ஆள் அந்த இடத்திலேயே முடிந்திருப்பார் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இந்தப் புடைப்புகளைச் சுற்றி இதயத்தின் அறைகளே நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அதனால் உள்ளுக்குள்தான் வெடிக்கும். கூடுதலாக வலது புடைப்பிலிருந்து வலது இதயவறைக்குள் (கீழறை), சில வேளை வலது சோணையறைக்குள் (மேலறை). உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு அந்த ஓட்டை வழியாகத் திரும்ப வலது பக்கத்துக்கே போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடியும் இதயத்துக்கு வந்து நிற்கும். ஆள் நடப்பார், பேசுவார், வேலைக்கும் போவார். இதயம் மட்டும் ஒரே இரத்தத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிக் களைத்துக்கொண்டே வரும். அடைக்காமல் விட்டால் பெரும்பாலானவர்களை ஓரிரு வருடங்களுக்குள் இதயச் செயலிழப்பு கொண்டுபோய்விடும்.

கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் இதய அறுவைச் சிகிச்சைத் தியேட்டரில் நான் வேலை செய்கிறேன். பர்ஃபியூஷனிஸ்ட் என்று எங்களைச் சொல்வார்கள். ஒபரேஷன் நடக்கும்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இயந்திரத்தை இயக்குவது எங்கள் பொறுப்பு. நோயாளிகளில் அநேகம் பேர் எங்களைக் கண்டதே இல்லை. அவர்கள் உள்ளே வரும்போது நான் குழாய்களுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன், வெளியே போகும்போது இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பேன். இந்த நோயைப் பற்றித் தமிழில் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று நினைக்க வைத்தது ஒரு தாய். அவரிடமும் மகனிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகனுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரக் கடைகளுக்கு நாட்டாமி வேலை, கொட்டாஞ்சேனையில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கல். பொதியைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறும்போது ஒருநாள் நெஞ்சுக்குள் ஏதோ பிய்ந்தது மாதிரி வலித்திருக்கிறது. உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் கொஞ்சம் குறைந்ததாம். பக்கத்திலிருந்த மருந்தகத்தில் கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. உழைப்பாளிப் பொடியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது சாப்பாட்டு நேரம் தவறியதால் வந்த எரிவுதான் என்று முடிவெடுப்பது இந்த நகரத்தில் மிகச் சுலபமாக நடக்கிறது. அவரும் அதை நம்பி வேலைக்குப் போயிருக்கிறார். பிறகு படி ஏற முடியாமல் போயிற்று, நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டியது, கால் வீங்கியது. இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார். போனில் மகனின் இருமலைக் கேட்டுத்தான் அம்மா அடுத்த பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓபிடியில் நின்றாராம்.

அங்கே இருந்த இளம் டொக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவசரப்படாமல் குழாயை வைத்துக் கேட்டார். இதயத்தில் ஓட்டையோ வால்வுக் கோளாறோ இருந்தால் வழக்கமாக துடிப்பின் ஒரு கட்டத்தில் மட்டும் இரைச்சல் கேட்கும். இந்த நோயில் இரைச்சல் நிற்காது. இதயம் சுருங்கும்போதும் கேட்கும், விரியும்போதும் கேட்கும். பெருநாடியின் அழுத்தம் எந்த நேரத்திலும் வலது இதயவறையின் அழுத்தத்தை விடக் கூடவே இருப்பதால் ஓட்டை வழியே இரத்தம் ஒரு கணமும் ஓயாமல் பாய்கிறது, அதனால்தான் இந்தத் தொடர் இரைச்சல். நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரிந்திருக்கிறது. இரத்த அழுத்தம் 130க்கு 40. மேலே சாதாரணம், கீழே பாதாளம். அந்த 40தான் ஒழுக்கின் அடையாளம். ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையை அன்றே செய்தார்கள். படத்தில் வலது புடைப்பிலிருந்து ஒரு நீளமான மெல்லிய பை வலது இதயவறைக்குள் தொங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஓட்டை. இரத்மலானை விமான நிலையத்தில் காற்றின் திசை பார்க்கக் கட்டி வைத்திருக்கும் துணிப்பையைக் கண்டவர்களுக்கு இந்த உருவம் சட்டென்று விளங்கும். மருத்துவப் புத்தகங்களிலும் அதே பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

இது அரிதான நோய். பிறவி இதயக் கோளாறுகளிலேயே மிகச் சிறிய பங்கு. ஆனால் மேற்கு நாடுகளை விட ஆசிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. பெண்களை விட ஆண்களுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம், அதுவும் உழைக்கிற வயதில். நம்மவர்களில் பலருக்கு இன்னொரு சிக்கலும் கூடவே வரும். அந்தப் புடைப்புக்குக் கீழேயே, இரண்டு இதயவறைகளுக்கும் இடையிலான பிரிசுவரில் ஒரு ஓட்டை. இவருக்கும் அது இருந்தது. அந்த ஓட்டைக்குள் பெருநாடி வால்வின் ஓர் இதழ் கொஞ்சம் சரிந்து இறங்கி, வால்வும் இலேசாக ஒழுகியது. தொடையிலுள்ள குருதிக்குழாய் வழியாகக் குழாய் விட்டு ஒரு சாதனத்தால் ஓட்டையை அடைக்கும் முறை 1990களிலிருந்து இருக்கிறது, தகுந்தவர்களுக்கு அது நன்றாகவே பலன் தருகிறது. தனியே ஒரு ஓட்டை மட்டும் இருந்து, வால்வும் நன்றாக இருந்தால்தான் அது சரிவரும். இவருக்கு நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டும் என்று சேர்ஜன் சொன்னார்.

ஒபரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம். வார்டில் தமிழ் பேசுகிற ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், மடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மகனின் கிளினிக் கொப்பி. முதலில் இரத்தம் பற்றிக் கேட்டார். தானும் ஊரிலிருந்து வரக்கூடிய ஆட்களும் கொடுக்க வேண்டுமா என்று. தேவையில்லை என்றேன். இந்த நாட்டில் இரத்த வங்கியை நிறைப்பவர்கள் தன்னார்வக் கொடையாளர்கள். பன்சலையிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கும் முகாம்களில் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அந்த மனிதர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர்களை நினைக்காமல் நான் ஒருநாளும் இரத்தப் பையை மாட்டியதில்லை.

பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மிஸ், நெஞ்ச தொறந்து இதயத்த நிப்பாட்டிருவாங்கனு டொக்டர் சொன்னாரு. நிப்பாட்டினா எம் புள்ள உசிரு எங்க இருக்கும்?"

இத்தனை வருட வேலையில் யாரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. "அம்மா, மகன்ட இரத்தம் ஒரு நிமிசமும் நிக்காது. அது ஓடுறதுக்கு நான் பக்கத்திலயே இருப்பன்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் இன்னும் சொன்னேன். இந்த இயந்திரத்தை மனிதரில் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன், 1953 மே 6ஆம் திகதி, 18 வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு. ஆனாலும் அந்த நாள் இயந்திரங்களை நம்ப முடியாமல் இருந்தது. அடுத்த வருடம் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹை வேறு வழி எடுத்தார். பிள்ளையைப் படுக்க வைத்துப் பக்கத்துக் கட்டிலில் பெற்றவரையும் படுக்க வைத்து, இருவருடைய குருதிக்குழாய்களையும் இணைத்தார். பிள்ளையின் இதயத்தைத் திறந்து தைக்கும்வரை பெற்றவரின் இதயமே இருவருக்கும் துடித்தது. அப்படி 45 ஒபரேஷன்கள் நடந்தன. பிறகு இயந்திரங்கள் தேறிவிட்டதால் அந்த முறை கைவிடப்பட்டது. 1950களின் இரண்டாம் பாதியிலேயே, இந்த வெடித்த அனியூரிசத்தையும் இயந்திரத்தின் துணையோடு திறந்து தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"அப்ப என்னையும் பக்கத்துல படுக்க வச்சிருங்களேன் மிஸ்" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் தயக்கம் எதுவும் இல்லை. இடம் கிடைத்தால் அந்த நிமிடமே ஏறிப் படுத்திருப்பார்.

மறுநாள் என்ன நடந்தது என்பதை அவருக்கு அப்போது முழுதாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்பெலும்பை நடுவால் பிளந்து இதயத்தை மூடியிருக்கும் உறையைத் திறந்தார்கள். அந்த உறையிலிருந்தே ஒரு துண்டை சேர்ஜன் வெட்டி எடுத்துத் தனியே வைத்தார், பிறகு ஒட்டுப்போட. இரத்தம் என் குழாய்களில் உறையாமலிருக்க ஹெபரின் கொடுத்தார்கள், உடல் நிறையில் கிலோவுக்கு 300 முதல் 400 அலகு என்பது கணக்கு. உறையும் நேரம் 480 வினாடியைத் தாண்டியதென்று பரிசோதனையில் கண்டால்தான் நான் தொடங்கலாம் என்று சொல்வேன். அதற்கு முன் யார் அவசரப்படுத்தினாலும் சொல்ல மாட்டேன். உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரண்டு பெருநாளங்களிலும் குழாய் போட்டு கருஞ்சிவப்பு இரத்தத்தை என் பக்கம் இறக்கினார்கள். அது ஒட்சிசனேற்றியின் வழியே போய்ச் சிவந்து, பெருநாடியில் போட்ட குழாயால் திரும்ப உடம்புக்குள் போனது. அவர் 54 கிலோ. அந்த உடம்புக்கு நிமிடத்துக்கு 3.7 லீற்றர் அளவில் கொடுத்தேன். ஏறக்குறைய அவ்வளவைத்தான் அவருடைய சொந்த இதயமும் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த நோயில் எங்களுக்கு இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். முதலாவது, நான் பெருநாடிக்குள் அனுப்பும் இரத்தத்திலும் ஒரு பங்கு அந்த ஓட்டைக்குள் புகுந்து வலது இதயவறைக்கு ஓடிவிடும். இதயம் துடிக்கும்வரை சமாளிக்கும். உடம்பைக் குளிர வைக்கும்போது துடிப்பு குழம்பிப்போனால் தள்ள வலுவில்லாமல் உப்பத் தொடங்கும். ஆகையால் பெருநாடியைக் கவ்வி மூடுவதில் தாமதம் கூடாது. மூடிய கணத்தில் என் அழுத்தக் கோடு ஒழுங்காக நின்றது. ஒழுக்கு நின்றுவிட்டது என்று எனக்கு அதிலேயே தெரிந்தது.

இரண்டாவது, இதயத்தை உறங்க வைக்கும் கரைசல். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் முடியுரு நாடிகளுக்குள் போனால் இதயம் விரிந்த நிலையில் ஓய்ந்துவிடும், சக்தி செலவழியாது. மற்ற ஒபரேஷன்களில் அதைப் பெருநாடியின் அடியில் ஊசி போட்டுக் கொடுப்போம். இங்கே அப்படிக் கொடுத்தால் கரைசல் முழுவதும் ஓட்டை வழியாக ஓடிப்போய், இதயத்தசைக்கு ஒரு சொட்டும் சேராது. அதனால் சேர்ஜன் பெருநாடியைத் திறந்து, இரண்டு முடியுரு நாடிகளின் வாயிலும் நேரடியாகச் சின்னக் குழாயைப் பிடித்துக்கொண்டார். முதலில் இடது, பிறகு வலது. "கொடுங்கோ" என்றதும் கொடுத்தேன், கிலோவுக்கு 20 மில்லிலீற்றர் வீதம். ஈசிஜி கோடு சின்னச் சின்ன அலையாகி நேராகியது. உடம்பை 30 பாகை வரை குளிர வைத்திருந்தோம். ஒவ்வொரு பாகை குறையும்போதும் உடம்பு கேட்கும் ஒட்சிசன் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு குறைகிறது.

அம்மா கேட்ட நேரம் அதுதான். இதயம் நின்றுவிட்டது. மகனின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் விரல் நுனிக்கும் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. சிறுநீர்ப் பையில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டால் எங்களுக்குப் பெரிய நிம்மதி, சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போகிறது என்று அர்த்தம். இரத்த வாயுப் பரிசோதனையை அரை மணிக்கொரு தடவை பார்த்தேன். என் கண் இரத்தத் தொட்டியின் மட்டத்தை விட்டு விலகாது. அது வற்றினால் குழாய்க்குள் காற்று போகும், காற்று மூளைக்குப் போனால் எல்லாம் முடிந்தது. அந்த நேரத்தில் நான் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டுதான் இருப்பேன்.

சேர்ஜன் இரண்டு பக்கத்தாலும் போனார். பெருநாடிக்குள்ளிருந்தும் பார்த்தார், வலது இதயவறையையும் திறந்து பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த பையை அடியோடு வெட்டி எடுத்தார். மீந்த துளையின் ஓரங்களை இழுத்துப் பிடித்து அப்படியே தைத்துவிடலாமே என்று தோன்றும். இழுத்துத் தைத்தால் பக்கத்திலுள்ள வால்வு இதழ் கோணிப்போய், இன்றைக்கு இலேசாக ஒழுகும் வால்வு நாளைக்கு மோசமாக ஒழுகும். வலது முடியுரு நாடியின் வாயும் அதே புடைப்பில்தான் இருக்கிறது, அதையும் நெருக்கிவிடக் கூடாது. ஆகவே அவருடைய சொந்த இதய உறைத் துண்டால் துளைக்கு ஒட்டுப் போட்டார். பிரிசுவர் ஓட்டைக்கு டேக்ரான் துணி ஒட்டு. சரிந்திருந்த இதழுக்குக் கீழே பிடிமானம் கிடைத்ததும் அது எழுந்து தன் இடத்தில் நின்றது. வால்வை மாற்ற வேண்டி வரவில்லை. முப்பது வயதுக்குள் செயற்கை வால்வு போட்டால் வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை, இரத்தப் பரிசோதனை என்று அலைய வேண்டும். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு அதற்காக அடிக்கடி வந்துபோகும் செலவை நினைத்தாலே அந்த இதழ் தப்பியது எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்கும்.

மெதுவாகச் சூடாக்கினேன். கவ்வியை எடுத்ததும் இதயம் முதலில் ஒழுங்கில்லாமல் நடுங்கியது. ஒரு சின்ன மின் அதிர்ச்சி, பிறகு துடிப்பு. இயந்திரத்தின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். நான் குறைக்கக் குறைக்க அவருடைய இதயம் ஏற்றுக்கொண்டது. உணவுக்குழாய் வழியாக விட்டிருந்த எக்கோவில் அந்த இடத்தில் ஒழுக்கைக் காட்டும் நிறம் எதுவும் இல்லை. நான் பார்த்தது வேறு ஒரு எண்ணை. கீழ் அழுத்தம், காலையில் 40 இருந்தது, இப்போது 66. ஓட்டை அடைபட்டதற்கு எனக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அனுபவமுள்ள நிலையங்களில் இந்த ஒபரேஷனில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை என்றே பொதுவாகப் பதிவாகியிருக்கிறது. கிருமித் தொற்றோடு வருபவர்களுக்கும், இதயம் நன்றாகக் களைத்த பிறகு வருபவர்களுக்கும் அபாயம் கூட. தப்பியவர்களில் பத்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் நலமாக இருக்கிறார்கள். இந்த இலக்கங்களை நான் எழுதுவதற்குக் காரணம், நெஞ்சைத் திறப்பது என்றதும் பயந்து வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களையும் நான் கண்டிருக்கிறேன். வெடித்த அனியூரிசத்தோடு வீட்டில் இருப்பதுதான் பெரிய அபாயம். கையில் காசில்லை என்பதற்காகத் திரும்ப வேண்டியதும் இல்லை. இவருக்கு அரச ஆஸ்பத்திரியில் நடந்த இந்த ஒபரேஷனுக்குக் கட்டணம் என்று ஒரு சதமும் வாங்கவில்லை.

ஐ.சி.யுவில் கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது அம்மா சாப்பிட்டாரா என்று. தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமல், கையால் பிசைந்து வாயில் வைப்பது போலச் சைகை காட்டினார். தாதிக்கு அது புரியவில்லை, தனக்குப் பசிக்கிறதாக்கும் என்று நினைத்திருக்கிறார். நான் இயந்திர அறிக்கையைக் கொடுக்கப் போனபோதுதான் விடயம் விளங்கியது. வெளியே போய்க் கேட்டேன். அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கன்டீனில் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரத்தம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை, இப்போது மகனுடைய இதயமே ஓட்டுகிறது என்று சொன்னேன். "சாமி" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளினிக்கில் பிறகு மகனைக் கண்டேன். கால் வீக்கம் இல்லை, தட்டையாகப் படுத்துத் தூங்குகிறாராம். வால்வில் சொற்ப ஒழுக்கு இருக்கிறது, அதை வருடா வருடம் எக்கோவில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மார்பெலும்பு பொருந்த மூன்று மாதமாவது ஆகும், அதுவரை பாரம் தூக்கவே கூடாது. பொதி சுமக்கும் வேலைக்கு இனிப் போகாமல் இருப்பதே நல்லது என்றார் டொக்டர். கடை முதலாளி பில் போடும் மேசையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒட்டுப் போட்ட இடத்தில் கிருமி பற்றாமலிருக்க முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவதாக இருந்தால் முன்கூட்டியே அன்டிபயோட்டிக் எடுக்க வேண்டும், பல் டொக்டரிடம் இந்த ஒபரேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் போய் மறந்துவிடுவார் என்று அம்மா சொன்னதால், கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் அதைப் பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன்.